சவர்க் கிணறும் எட்டு இலக்குகளும்

நாரந்தனையில அம்மம்மா வீட்டுக் கிணறு வடிவான கிணறு. சுத்திவரக் கட்டு, சீமெந்து பூசின மேடை, தண்ணி தேங்காம ஓடுறதுக்கு ஒரு வாய்க்கால், பக்கத்தில தொட்டி. தண்ணி மட்டும் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், அதுக்கும் சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படும். தேத்தண்ணி போட்டா வாயில வைக்க ஏலாது. அதனால குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் பவுசர் தண்ணிதான். றோட்டோரத்தில கான்களை வரிசையா வைச்சிட்டு, பவுசர் வருமோ வராதோ எண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறது என்ர சின்ன வயசு விடுமுறைகளில ஒரு பெரிய பகுதி.

பக்கத்து வளவில இருந்த ஆச்சி அந்த வரிசைக்கு வரமாட்டா. தன்ர கிணத்துத் தண்ணியையே காய்ச்சிக் குடிப்பா. "பழகின வாய்க்கு உப்புத் தெரியாது மேனை" என்பா.

பல வருசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில ஒரு ஒப்படைக்காக மிலேனியம் அபிவிருத்தி இலக்குகள் பற்றி வாசிக்கும்போதுதான் இந்த இரண்டு வீடும் திரும்ப ஞாபகம் வந்தது. ஏழாவது இலக்கின் கீழ் ஒரு உபஇலக்கு இருந்தது: பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதவர்களின் வீதத்தை 2015க்குள் பாதியாகக் குறைப்பது. அதை எப்படி அளந்தார்கள்? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து நடத்திய கண்காணிப்புத் திட்டம், தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவில்லை. உலகம் முழுக்க வீடு வீடாகத் தண்ணீரைச் சோதிக்கக் காசும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டார்கள். குழாய், குழாய்க் கிணறு, கட்டுக் கட்டிய பாதுகாக்கப்பட்ட கிணறு, மழைநீர் எல்லாம் 'மேம்பட்ட மூலம்'. கட்டில்லாத கிணறு, ஆறு, குளம் 'மேம்படாத மூலம்'. பவுசரில் வரும் தண்ணியும் அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருந்தது.

அதாவது அந்தக் கணக்கின்படி ஆச்சி இலக்கை அடைந்துவிட்டா. நல்லதண்ணி குடித்த அம்மம்மா அடையவில்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, எங்கட ஊர் அந்தக் கணக்குக்குள்ள எப்ப, எப்படி வந்தது எண்டு தேடத் தொடங்கினேன். நாரந்தனை அந்தக் கணக்குக்குள் வந்ததே பந்தயம் முடியும் தறுவாயில்தான்.

2000 செப்டெம்பரில் நியூயோர்க்கில் 189 நாடுகள் கூடி மிலேனியம் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. அதிலிருந்து எட்டு இலக்குகள் வகுக்கப்பட்டன. வறுமையும் பசியும், ஆரம்பக் கல்வி, பால் சமத்துவம், சிசு மரணம், தாய் மரணம், எச்.ஐ.வி.யும் மலேரியாவும், சுற்றாடல், உலகக் கூட்டுறவு. முடிவு ஆண்டு 2015. ஆனால் ஓட்டம் 2000இல் தொடங்கவில்லை. 1990ஐ அடிப்படை ஆண்டாக எடுத்தார்கள். 1990இல் எவ்வளவு இருந்ததோ அதில் பாதி, மூன்றில் ஒன்று என்றுதான் பல இலக்குகள் எழுதப்பட்டிருந்தன.

இலங்கைக்கு இது சாதகமான பந்தயம். 1931இல் சர்வசன வாக்குரிமை, நாற்பதுகளில் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், பல தசாப்தமாகக் கூப்பன் அரிசி என்று வந்த நாடு இது. வருமானம் குறைவு, ஆனால் படிப்பும் ஆயுளும் அதிகம் என்று அமர்த்தியா சென் முதற்கொண்டு பொருளியலாளர்கள் உதாரணம் காட்டிய நாடு. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பிரசவம் ஆஸ்பத்திரியில் நடப்பதும் இங்கே 1990க்கு முன்பே சாதாரணம். தீவகமும் அந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. ஊர்காவற்றுறையில் ஆஸ்பத்திரி இருந்தது, புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. அடுத்த ஊரான கரம்பொன்னில்தான் 1913இல் தனிநாயகம் அடிகள் பிறந்தார். தீவான் எண்டு பகிடி பண்ணுற யாழ்ப்பாணத்து ஆக்கள் இதை அடிக்கடி மறந்துபோவினம்.

ஆக, பந்தயம் தொடங்கும் கோடு 1990. அந்த ஆண்டு தீவகத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் மறுபடி யுத்தம் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளுக்கும் உரத்துக்கும் சீமெந்துக்கும் பற்றரிக்கும் தடை வந்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முற்றுகையில் இருந்த படையினரை மீட்கவென்று ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கி, ஊர் ஊராக நகர்ந்து மண்டைதீவு வரை வந்தது. அந்த வாரங்களில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் பிடித்துச் செல்லப்பட்ட பல இளைஞர்கள் திரும்பி வரவேயில்லை. செப்டெம்பர் இறுதியில் கோட்டை கைவிடப்பட்டது. ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை, ஏறக்குறைய 75 ஆயிரம் பேரை, யாழ்ப்பாணத்தில் சில மணித்தியால அவகாசத்திலேயே வெளியேற்றினார்கள். அடுத்த வருசம், 1991 ஒக்ரோபரில், படை மறுபடி தீவகத்துக்குள் வந்தது, அதன்பின் போகவில்லை. வேலணை, சரவணை, நாரந்தனை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று சனம் கையில் அகப்பட்டதோடு குடாநாட்டுக்குக் கடல் கடந்தது. அம்மம்மா ஆக்களும் அப்பிடித்தான். ஒரு கிழமையில திரும்பி வருவம் எண்டு கோழிக்கூட்டைத் திறந்து விட்டிட்டு வந்தவையாம். நாலு வருசம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்துச் சனத்தோட சேர்ந்து திரும்பவும் ஓட்டம். தீவுக்குத் திரும்பினது 1996க்குப் பிறகு.

உலகம் 'இங்கிருந்து அளப்போம்' என்று கோடு போட்ட அந்த இரண்டு வருசத்துக்குள், நாரந்தனையில் அளக்க ஆளில்லாமல் போய்விட்டது.

இனி இலங்கையின் கணக்கைப் பார்ப்போம். வறுமையை அளப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், வீட்டு வருமான செலவின ஆய்வு மூலம். 1990/91 ஆய்வின்படி வறுமைக்கோட்டுக்குக் கீழே 26.1 வீதம். பாதியாக்குவது என்றால் 13 வீதம் வரவேண்டும். 1995/96இல் 28.8 என்று ஏறியது. 2002இல் 22.7. 2006/07இல் 15.2. 2009/10இல் 8.9. இலக்கைத் தாண்டியாகிவிட்டது, அதுவும் ஐந்து வருசம் முந்தி. மேடைகளில் இந்த எண்கள் பல தடவை வாசிக்கப்பட்டன.

அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். 1990/91, 1995/96, 2002 ஆய்வுகளில் வடக்கு கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் உள்ளே வந்தன. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. யுத்தம் முடிந்த மண்ணும், அங்கிருந்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்ட சனமும் அந்த 8.9க்குள் இல்லை. தாய் சேய் நலத்தை அளக்கும் குடித்தொகை சுகாதார ஆய்விலும் 2006/07 வரை வட மாகாணம் இல்லை. 2016 ஆய்வுதான் 25 மாவட்டங்களுக்கும் போனது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லவேணும். மாதிரி ஆய்வு செய்ய முதலில் ஒரு சட்டகம் வேண்டும்: எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு என்ற முழுப் பட்டியல். அது குடிசன மதிப்பில் இருந்துதான் வரும். 1981க்குப் பிறகு 1991இல் வரவேண்டிய குடிசன மதிப்பு யுத்தத்தால் நாட்டிலேயே நடக்கவில்லை. 2001 ஜூலையில் நடந்தது, ஆனால் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவில் நடக்கவேயில்லை. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் திணைக்களத்து ஆட்கள் போய் வீட்டு இலக்கம் எழுத முடியாது என்பதும் உண்மை. பட்டியல் இல்லாமல் மாதிரி இல்லை, மாதிரி இல்லாமல் வீதம் இல்லை. கணக்காளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனா தீவகத்துக்கு இந்த நியாயம் முழுசாப் பொருந்தாது. 1991 இறுதியில் இருந்து தீவகம் அரசின் கையில்தான் இருந்தது. கடற்படை இருந்தது, நிர்வாகம் இருந்தது. தேர்தலும் நடந்தது! 1994 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெரும்பகுதி புலிகளிடம் இருந்தபோது, தீவகம் முதலான சில இடங்களில் விழுந்த வாக்குகளை வைத்தே மாவட்டம் முழுவதற்கும் முடிவு அறிவித்தார்கள். பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்குகளோடு ஈ.பி.டி.பி. பத்தில் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. 2001இலும் அதே கதை. ஜூலையில் குடிசன மதிப்பு எங்கட மாவட்டத்துக்கு வரவில்லை. டிசெம்பரில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அதுக்கு ஒரு கிழமை முன்பு, நவம்பர் 28, பிரசாரத்துக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் வைத்துத் தாக்கப்பட்டு இருவர் கொல்லப்பட்டார்கள், மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயப்பட்டார்கள். வெளியூர் ஆக்கள் நாரந்தனை எண்ட பேரை முதன்முதல் கேள்விப்பட்டது அந்தச் செய்தியாலதான். எங்கட சனத்தின்ர வாக்கை எண்ணுறதுக்கு வழி இருந்த இடத்தில, அவையின்ர அடுப்பில என்ன வேகுது எண்டு எண்ணுறதுக்கு வழி இல்லாமப் போச்சு.

அப்படியென்றால் வடக்கில் யாருமே கணக்கு எடுக்கவில்லையா? எடுத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

விதானையார் எடுத்தார். யுத்தம் நடந்த முப்பது வருசமும் வடக்கில் கச்சேரி பூட்டப்படவில்லை. இடம் மாறியது, மரத்தடியில் நடந்தது, ஆனால் நடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுக்குள்ளும் அரசாங்க அதிபரும் கிராம அலுவலரும் அரச சம்பளத்தில் வேலை செய்தார்கள். குடும்ப அட்டைக்கு நிவாரணம் கொடுக்க ஆள் எண்ணிக்கை வேண்டும், அதற்காக ஒவ்வொரு விதானையாரிடமும் ஒரு கொப்பி. பிறந்த குழந்தை, செத்த ஆள், ஓடிப்போன குடும்பம், புதிதாக வந்து கொட்டில் போட்ட குடும்பம் எல்லாம் அதில் இருக்கும். அதேபோல மருத்துவிச்சி அக்காமாரிடம் கர்ப்பிணித் தாய்மாரின் பதிவேடு. சைக்கிளில் போய், பங்கருக்குள் இருந்தவைக்கும் ஊசி போட்டு அட்டையில் திகதி எழுதினவர்கள் அவர்கள்.

போலியோ இன்னொரு உதாரணம். இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் கண்டுபிடிக்கப்பட்டார். 1995 முதல் தேசிய தடுப்பு மருந்து நாட்களில், யுனிசெப் போன்ற அமைப்புகள் நடுவில் நிற்க, சண்டையைக் குறித்த நாட்களுக்கு நிறுத்தி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. ஒருவருக்கொருவர் செல் அடித்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பும், ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளை எங்கே எத்தனை என்ற கணக்கில் மட்டும் ஒத்துப்போயின.

மலேரியா அதைவிடப் பெரிய கதை. 1999இல் நாடு முழுக்க 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவானார்கள், அதில் வடக்கு கிழக்கின் பங்கு மிகப் பெரிது. நுளம்புக்கு முகமாலையும் ஓமந்தையும் தெரியாது. வன்னியில் மலேரியாவை விட்டுவிட்டு அனுராதபுரத்தில் மட்டும் ஒழிக்க முடியாது என்பதால், மலேரியா ஒழிப்பு இயக்கம் யுத்தத்துக்கு நடுவிலும் வடக்கில் இரத்த மாதிரி எடுத்தது, வலை கொடுத்தது, மருந்து அடித்தது, ஒவ்வொரு காய்ச்சலையும் கணக்கில் சேர்த்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எட்டு இலக்கில் இலங்கை சந்தேகத்துக்கு இடமில்லாமல் வென்றது இதைத்தான் என்பேன். இதில் மட்டும் வடக்கைக் கணக்குக்கு வெளியே வைத்துவிட்டு வெல்ல வழி இருக்கவில்லை.

வறுமைக்கு நுளம்பு மாதிரிச் செட்டை இல்லை. நாரந்தனையின் பசி தென்பகுதிக்குத் தொற்றாது. அதனால அதை அவசரப்பட்டு அளக்கவேண்டிய தேவை ஒருத்தருக்கும் வரேல்லை.

கணக்கில் இருந்து விடுபடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2009 காட்டியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருக்கும் பொதுமக்கள் 70 ஆயிரம் அளவில்தான் என்று அரசாங்கம் சொன்னது. உணவும் மருந்தும் எவ்வளவு அனுப்புவது என்பதை முடிவெடுக்க உதவியது அந்த எண். மே மாதத்துக்குள் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். உயிரோடு வந்தவர்களே நாலு மடங்கு! ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இந்தக் குறைத்து மதிப்பிடலை விரிவாகப் பேசியது.

அதற்கு சில மாதம் முன்பு, 2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. முகாம்களுக்கு வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? ஆயர் எந்தப் பெரிய ஆய்வையும் செய்யவில்லை. எடுத்தது அரசின் எண்களையே, விதானைமாரின் கொப்பிகளில் இருந்து கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்த எண்களை. நிவாரணத்துக்காக எழுதின கணக்கு, காணாமல் போனவர்களைப் பற்றிய கேள்வியாகி ஆணைக்குழு முன் நின்றது. கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

நாடு முழுவதையும் ஒரே தடவையில் அளந்த முதல் வீட்டு வருமான செலவின ஆய்வு 2012/13. குடிசன மதிப்பும் 2012இல்தான் முப்பது வருசத்துக்குப் பிறகு முழுமையாக நடந்தது. அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். இன்றைய எல்லைகளின்படி பார்த்தால் 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரம். முப்பத்தொரு வருசத்தில் நாட்டின் சனத்தொகை கூடினது, எங்கட மாவட்டத்தில ஒன்றரை இலட்சம் பேர் குறைஞ்சிட்டினம்.

அந்த ஆய்வில் நாட்டின் வறுமை 6.7 வீதம். முல்லைத்தீவில் 28.8. மன்னாரில் 20.1. கிளிநொச்சியில் 12.7. யாழ்ப்பாணத்தில் 8.3. முல்லைத்தீவின் எண், 1990/91இல் நாடு பந்தயத்தைத் தொடங்கிய 26.1ஐ விட அதிகம். இருபது வருசத்தில் நாடு ஓடிக் கடந்த தூரத்தை முல்லைத்தீவு தொடங்கவேயில்லை, அதுவும் இலக்குக்கான கெடு முடிய இரண்டே வருசம் இருக்கும்போது.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைத் தெளிவாக்க விரும்புறன். "வடக்கைச் சேர்த்திருந்தா இலங்கை இலக்கை அடைஞ்சிருக்காது" எண்டு சில பேர் மேடையில சொல்லுறதைக் கேட்டிருக்கிறன். அது சரியில்லை. 2012இல் வட மாகாணம் முழுக்கவும் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல், நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து. முல்லைத்தீவு மாவட்டம் ஒரு இலட்சம்கூட இல்லை. அத்தனை பேரும் ஏழையாக இருந்திருந்தாலும் தேசிய வீதம் அரைப் புள்ளி அளவில்தான் அசையும். சராசரி பொய் சொல்லவில்லை. சின்ன எண்ணிக்கையாக இருக்கும் சனத்தின் நிலையைச் சராசரியால் சொல்லவே முடியாது என்பதுதான் பிரச்சினை, அந்தச் சனத்தின் நிலை எவ்வளவு மோசமாக இருந்தாலும். இலக்கு தேசியச் சராசரியில் எழுதப்பட்டிருந்தபடியால், வடக்கை விட்டுவிட்டும் ஒரு அரசு நேர்மையாகவே "அடைந்துவிட்டோம்" என்று சொல்லமுடிந்தது. பொய் சொல்லியிருந்தால் பிடிபட்டிருக்கும். இது அதைவிடப் பாதுகாப்பானது.

யாழ்ப்பாணத்து 8.3க்குள்ளும் இதே கதை சின்ன அளவில் நடக்கிறது. நல்லூரும் நெடுந்தீவும் ஒரே எண்ணுக்குள். குறிகட்டுவானில் இருந்து வள்ளம் போனால்தான் நெடுந்தீவில் இருக்கும் கர்ப்பிணிக்கு யாழ்ப்பாணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. வெளிநாட்டுக் காசில் கட்டின மாடி வீடும், ஆளில்லாமல் பாழான நாற்சார் வீடும், தம்பாட்டியில் வலை சிக்கெடுக்கும் வீடும் ஒரு றோட்டில் இருக்கும். ஆய்வு, ஆள் இருக்கிற வீட்டைத்தான் தட்டும். பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் ஏன் போனார்கள் என்பது எந்த இலக்கின் குறிகாட்டியிலும் இல்லை.

யுத்தம் நடக்கும் நாட்டை இந்த இலக்குகளால் அளப்பதில் உள்ள சிக்கல் உலகத்துக்குத் தெரியாததல்ல. உலக வங்கியின் 2011 உலக அபிவிருத்தி அறிக்கை, மோதலில் சிக்கிய குறைந்த வருமான நாடு எதுவும் ஒரு இலக்கைக்கூட அதுவரை அடையவில்லை என்றது. இரண்டு வருசத்தில் அந்த நிலை கொஞ்சம் மாறியது. ஆப்கானிஸ்தான் சுவாரசியமான ஒன்றைச் செய்தது. 2004இல்தான் அது இந்த ஓட்டத்தில் சேர்ந்தது. 1990க்கான எண் எங்களிடம் இல்லை என்று சொல்லி, அடிப்படை ஆண்டைப் பிந்தியதாக எடுத்து, முடிவை 2020க்குத் தள்ளி, எட்டு இலக்கோடு ஒன்பதாவதாகப் 'பாதுகாப்பு' என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. பிறகு அந்த நாட்டுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் "எங்களிடம் எண் இல்லை" என்று ஒப்புக்கொண்டு தொடங்கியதில் ஒரு நேர்மை இருந்தது. இலங்கையிடம் எண் இருந்தது, நாட்டின் பெரும்பகுதிக்கு. அதனால் மிச்சப் பங்கைக் கேட்கவேண்டிய நெருக்கடி அதற்கு வரவில்லை.

2015இல் புதுப் பட்டியல் வந்தது: நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள், 17 இலக்கு, 169 உபஇலக்கு. யாரையும் பின்னே விட்டுவிடக் கூடாது என்பது அதன் கோசம். 16ஆவது இலக்கில் சமாதானமும் நீதியும் இருக்கின்றன. மாவட்டம், பால், வயது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. இலங்கை 2017இல் இதற்கென ஒரு சட்டமே இயற்றியது. பழைய பட்டியலைவிட இது நல்லதுதான், மறுக்கவில்லை. வறுமைக்கோட்டையும் புதுப்பித்தார்கள். புதுக் கோட்டின்படி 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதம், முல்லைத்தீவில் 44.5. 2012/13இல் போலவே 2019இலும் கடைசி இடம் முல்லைத்தீவுக்குத்தான். அதன் பிறகுதான் 2022 நெருக்கடி. பாணுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்றது. எங்கட பெரிசுகள் அந்த வரிசையைப் பார்த்து, தொண்ணூறுகளில நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிப்பிச்சு, மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினனாங்கள் எண்டு கதை சொன்னவை.

தண்ணீர்க் கணக்கும் மாறியது. புதுப் பட்டியலில் பவுசர் தண்ணியும் 'மேம்பட்ட மூலம்' ஆகிவிட்டது. அம்மம்மா ஒருவழியாகத் தேறிவிட்டா. அதற்கும் மேலே 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' என்று ஒரு படி உண்டு: வளவுக்குள் இருக்கவேணும், தேவைப்படும்போது கிடைக்கவேணும், மலக் கிருமியும் ஆர்செனிக், புளோரைட் போன்ற முதன்மை இரசாயனங்களும் இருக்கக்கூடாது. உப்பு அந்த முதன்மைப் பட்டியலில் இல்லை. தீவகத்துக் கிணறுகளின் பிரச்சினை உப்பு. ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலம், மாரிமழை ஊறி உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டர் போட்டுக் கூட இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். வேலணைச் சாட்டி மணல் பக்கத்தில்தான் நல்லதண்ணி, அங்கிருந்துதான் பவுசர்கள் பல ஊருக்கும் ஓடின. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தண்ணி வேற இடத்தில இருந்து வரவேணும் எண்ட முப்பது வருசக் கதையில அது ஒரு பெரிய திருப்பம்.

2021இல் வரவேண்டிய குடிசன மதிப்பு தள்ளிப்போய் 2024 இறுதியில்தான் நடந்தது. கணக்கெடுக்க வந்த தங்கச்சி விறாந்தையில் இருந்து, குடிநீர் எங்கிருந்து எடுக்கிறீங்கள் என்று கேட்டிருக்கிறா. அம்மம்மா எழும்பி, பிள்ளை வா எண்டு அவவைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு செம்பு தண்ணி அள்ளிக் குடுத்து, குடிச்சுப் பார் எண்டாவாம். அந்தப் பிள்ளை ஒரு மிடறு குடிச்சிட்டு முகத்தைச் சுழிச்சுத் துப்பிப்போட்டு, "அப்ப பவுசர்தானே அம்மம்மா?" எண்டு கேட்டு அதைப் பதிஞ்சுகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவவாம். அடுத்த வீடு ஆச்சியின்ர வீடு. ஆச்சி செத்து ரெண்டு வருசம். பூட்டின படலையைப் பார்த்திட்டு, இஞ்ச ஆர் இருக்கினம் எண்டு மதிலுக்கு மேலால எட்டிக் கேட்டாவாம்.